வால் பாட்டு

அக்காவுக்குப் பாட்டு பிடிக்காது. மாத்தளை பஜாரில் முப்பது வருடத்துக்கு மேல் பாட்டுப் பதிந்து கொடுத்தே பிழைத்தவரைப் பற்றி இப்படிச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் அவர் வாயாலேயே நூறு தடவை கேட்டிருக்கிறேன். "எனக்குப் பாட்டெல்லாம் புடிக்காது தம்பி. பாடினாப் பதியணும். பதிஞ்சா அழிக்கக் கூடாது. அம்புட்டுத்தான்." ஹெட்போனின் ஒரு பக்கத்தை மட்டும் காதில் வைத்துக்கொண்டு, மறு காதை வாடிக்கையாளருக்கு விட்டுவிட்டு, முகத்தை உர்ரென்று வைத்தபடிதான் இதைச் சொல்வார்.

அந்தக் காலத்து ரெக்கோடிங் பார் எப்படி நடந்தது என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வெற்றுக் கசெட்டையும் வேண்டிய பாட்டுகளின் பட்டியலையும் கொடுத்துவிட்டு வரவேண்டும். இரண்டு நாள் கழித்துப் போனால் பதிந்து வைத்திருப்பார்கள். ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம். கேட்ட பாட்டுகளை அடுக்கி முடித்த பிறகு கடைசியில் இரண்டு மூன்று நிமிட டேப் மிஞ்சும். இன்னொரு பாட்டுக்கு அது காணாது. மற்றக் கடைக்காரர்கள் அதை வெறுமையாக விட்டுவிடுவார்கள். அக்கா விடமாட்டார். கேட்காமலே அதில் ஒரு பாட்டைத் திணித்துவிடுவார். எந்தப் படத்திலும் வராத, எந்த வானொலியிலும் போடாத பாட்டு அது. டேப் முடிகிற இடத்தில் பாட்டும் பெரும்பாலும் பாதியில் அறுந்துபோகும். எங்கள் ஊரில் அதற்கு வால் பாட்டு என்றே பெயர் வைத்துவிட்டோம்.

நான் அப்போது மாத்தளை–நாலந்தா தடத்தில் தனியார் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். காலை நடைக்கு அம்மன் பாட்டு வேண்டும் என்று பட்டியல் கொடுத்திருந்தேன். அலுவிகாரை தாண்டும்வரை எல்லாம் பக்தியாகத்தான் போனது. கடைசிப் பாட்டின் மணியோசை அடங்கிய கையோடு, தகரக் கூரையை ஆணியால் கீறியது போல ஒரு கிட்டார் கிளம்பியது. அதன்மேல் ஒருவன் தொண்டை கிழியக் கத்தினான்.

தொரை நாய்க்கும் கழுத்துல லைசன் இருக்கு
தோட்டத்துல பொறந்தேனே, எனக்கு என்ன இருக்கு?

முன் சீட்டில் திருநீறோடு உட்கார்ந்திருந்த கங்காணி ஒருவர், கன்னத்தில் போட்டுக்கொண்ட கையை எடுக்காமல் என்னையே பார்த்தார். பின் சீட்டுப் பெண்கள் சிரித்த சிரிப்பில் கொண்டக்டர் டிக்கட் கிழிக்க மறந்துபோனான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அன்று மத்தியானமே கசெட்டும் கையுமாகப் போய்க் கடையில் நின்றேன்.

"பாட்டு நல்லா இல்லையா?" என்று கேட்டார் அக்கா.

"நல்லா இருக்கா இல்லையாங்கிறது இல்லக்கா கேள்வி. நான் கேட்டேனா இத?"

"மிச்ச டேப்புதானே? ஒனக்கு வேணும்னா சொல்லு, வெட்டித் தர்றேன், பையில போட்டுக்கிட்டுப் போ."

திரும்பி வந்துவிட்டேன். வழியெல்லாம் அந்த இரண்டு வரியை நானே முணுமுணுத்துக்கொண்டிருந்ததை அன்று யாரிடமும் சொல்லவில்லை.

பாடியவர்கள் நான்கு பேர். எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு தோட்டத்தில் பூட்டிக் கிடந்த கொக்கோ ஸ்டோருக்குள் பாடிப் பழகியதால், ஊரில் அவர்களைக் கொக்கோ ஸ்டோர் பேண்ட் என்பார்கள். வெளிநாட்டுச் சாமான் எதுவும் நாட்டுக்குள் வராத காலம் அது. பலா மரத்தில் தாங்களே கிட்டார் செய்தார்கள். பெரிய கிட்டாருக்கு சைக்கிள் பிரேக் கம்பியை நரம்பாகக் கட்டினார்கள். கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டுகிறவரிடம் அம்ப்ளிஃபயர் இரவல். பாட்டையும் தாங்களே கட்டினார்கள். எங்கள் தோட்டத்து ஆட்களில் பாதிப் பேருக்கு அப்போது இலங்கைப் பிரஜாவுரிமையும் கிடையாது, இந்தியப் பிரஜாவுரிமையும் கிடையாது. தோட்டத்தை நடத்தும் துரையின் வீட்டு நாய்க்குக் கழுத்தில் பித்தளை லைசன் வில்லை தொங்கும். அந்த நாயைக் குளிப்பாட்டுகிறவனுக்கு ஒரு துண்டுக் காகிதம் இல்லை. அதைத்தான் பாடினார்கள்.

கிட்டார் வாசித்தவர்கள் அண்ணன் தம்பி. அவர்களுடைய குடும்பத்துக்கு இந்தியாவுக்குக் கப்பலேறச் சொல்லிக் கடிதம் வந்துவிட்டது. போவதற்கு முந்தின வாரம், இருக்கிற பாட்டையெல்லாம் பதிந்துவிடுவது என்று முடிவெடுத்தார்கள். பதிகிற மிஷின் மாதா கோயில் சுவாமியாரிடம் மட்டும்தான் இருந்தது. அதை இயக்கத் தெரிந்தவர் கோயில் பாடகர் குழுவுக்குப் பதிந்து கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண். அவர்தான் அக்கா. கீதங்கள் பதிய வேண்டும் என்று சுவாமியாரிடம் சொல்லி மிஷினை வாங்கிக்கொண்டு கொக்கோ ஸ்டோருக்குப் போனார். இரண்டு பகலில் பதினோரு பாட்டு பதிந்தார். அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் அந்தப் பொய்யைச் சொன்னீர்களா என்று கேட்டேன். "பொய் எங்க சொன்னேன்? கீதம்னாப் பாட்டுத்தானே" என்றார்.

அவ்வளவு பாட்டும் இருந்த டேப் ஸ்பூலை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸிலேயே கொழும்புக்குப் போய் ஒரு இசைத்தட்டுக் கம்பனிக்காரரைப் பார்த்திருக்கிறார். அவருக்குப் பாட்டெல்லாம் பிடித்திருந்ததாம். நாயை மட்டும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பெண்ணைப் போட்டால் இசைத்தட்டு வெளியிடலாம் என்றாராம். அக்கா ஸ்பூலை வாங்கி மறுபடியும் மடியில் வைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார். அதைச் சொல்லும்போதெல்லாம், "நாய் இருந்த எடத்துல பொண்ண வைக்கச் சொல்றான், இவனெல்லாம் ஒரு மனுசன்" என்று முடிப்பார். அந்தப் பதினோரு பாட்டும் ஒருநாளும் வெளிவரவில்லை.

வெளிவரவில்லை என்று சொல்வதும் சரியில்லை. அக்கா ரெக்கோடிங் பார் திறந்த நாளிலிருந்து அவை வாலில் ஏறி ஊர் சுற்றின. கல்யாண வீட்டு நாதஸ்வரத்துக்குப் பின்னால், சலூன்கடைச் சினிமாப் பாட்டுக்குப் பின்னால், வில்கமுவ வயல்காரர்கள் டிரக்டரில் போட்டுக் கேட்ட சிங்களப் பாட்டுக்குப் பின்னால் எல்லாம் போயின. ஒரு தடவை ஒரு கல்யாணக் கசெட்டில் மச்சானும் மச்சானும் போட்ட சண்டை பதிந்துவிட்டது. அந்த இடத்தை மட்டும் அழித்துத் தரச்சொல்லி இரண்டு வீட்டாரும் ஒன்றாக வந்து கெஞ்சினார்கள். அக்கா மசியவில்லை. "பாடினது பாடினதுதான். திட்டினது திட்டினதுதான். அழிக்கணும்னா வேற கடைக்குப் போங்க."

இதெல்லாம் கேட்கச் சிரிப்பாக இருக்கும். சிரிப்பாக இல்லாத கதையும் ஒன்று இருக்கிறது.

நாய்ப் பாட்டைப் பாடியவர் பிறகு அதே தோட்டத்து ஆபீசில் கிளாக்கராகச் சேர்ந்துவிட்டார். வெள்ளைக் கால்சட்டை, கையில் குடை, எண்ணெய் வைத்து வாரிய தலை. இவரா அப்படிக் கத்தினார் என்று பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வரும். எண்பத்தொன்றோ இரண்டோ, தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்தது. ஆபீசுக்கு எதிரே உட்கார்ந்திருந்த தொழிலாளிகள் ஒரு கசெட்டின் வாலைப் பின்னுக்கு ஓட்டி ஓட்டித் திரும்பத் திரும்பப் போட்டார்கள். உள்ளே துரை கடிதம் சொல்லிக்கொண்டிருக்கிறார். கிளாக்கர் எழுதிக்கொண்டிருக்கிறார். வெளியே அவருடைய குரலே துரையின் நாயைப் பற்றிப் பாடிக்கொண்டிருக்கிறது. துரைக்குத் தமிழ் நன்றாகத் தெரியும்.

அடுத்த நாள் கிளாக்கர் கடைக்கு வந்தபோது நானும் அங்கே இருந்தேன்.

"புள்ள, அத அழிச்சிரு" என்றார். "எனக்குப் புள்ளகுட்டி இருக்கு. கோட்டர்ஸ் வீட்ட விட்டு எறக்கிட்டா எங்க போவேன்?"

"யாரு பாடினதுன்னு நான் சொல்லல. சொல்லவும் மாட்டேன்."

"எனக்கு அது போதாது. அழிச்சிரு."

"பாடினது பாடினதுதான் கிளாக்கர்."

அவர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். துரை வேலையைப் பறிக்கவில்லை. ஆனால் பெரிய கிளாக்கர் பதவி கடைசிவரை அவருக்குக் கிடைக்கவில்லை. தூரத்து டிவிஷன் ஒன்றுக்கு மாற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் அக்காவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பஜாரில் அந்தக் கடை வரும் இடத்தில் எதிர்ப்பக்கம் கடந்து போவார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஒரு மனுசனோட சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களேக்கா" என்று நேராகவே கேட்டேன். அக்கா ஒரு கசெட்டைப் பென்சிலால் சுற்றி முடித்தார். பிறகு, "அவன் பாடும்போது பயப்படல. நான் அத அழிச்சா, அன்னைக்குப் பயப்படாதவன் ஒருத்தன் இருந்தான்கிறதே இல்லாமப் போயிரும்" என்றார். அவர் செய்தது சரியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அன்று அவர்மேல் எனக்குக் கோபம்தான் இருந்தது.

எண்பத்து மூன்று ஜூலை இனக் கலவரத்தில் பஜார் எரிந்தது. அக்காவின் கடையும் எரிந்தது. மிஷின்கள், பெட்டி பெட்டியாகக் கசெட்டுகள், அந்த ஸ்பூல், எல்லாம் உருகிக் கறுப்புக் கட்டியாகிவிட்டன. நாங்கள் ஒரு பள்ளிக்கூடத்து அகதி முகாமில் கிடந்தோம். பருப்புக்கு வரிசையில் நிற்கும்போது அக்கா எனக்கு முன்னால் நின்றார். ஆறுதல் சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"எல்லாத்தையும் எரிச்சிட்டோம்னு நெனச்சிக்கிட்டு இருப்பானுங்க. மாத்தள பூரா வால்ல கெடக்குன்னு அவனுங்களுக்கு எப்புடித் தெரியும்?"

முகாமில் பருப்புத் தட்டோடு நின்று நான் சிரித்தது அன்று ஒருநாள்தான்.

கரி பிடித்த சுவருக்குத் தகரம் சாத்திக் கடையைத் திறந்ததும் முதல் வேலையாக ஒரு பலகை மாட்டினார். பழைய கசெட்டுகளைக் கொண்டுவரவும், பழையதும் திருப்பித் தரப்படும், புதியது ஒன்றும் தரப்படும் என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. ஆட்கள் கொண்டுவந்தார்கள். வராத இடங்களுக்கு என் பஸ்ஸில் அவரே போனார். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் உட்கார்ந்து, ஒவ்வொரு கசெட்டையும் கடைசிவரை ஓட்டி, வாலை மட்டும் பதிந்துகொண்டு திரும்புவார். சின்னப் பாட்டுகள் எங்கேயாவது ஒரு நீண்ட வாலில் முழுசாகக் கிடந்தன; இப்படியே இரண்டு மூன்று வருடத்தில் பத்துப் பாட்டைச் சேர்த்துவிட்டார்.

நாய்ப் பாட்டு மட்டும் சேரவில்லை. அது ஆறு நிமிடத்துக்கும் மேலான பாட்டு. எந்தக் கசெட்டிலும் அவ்வளவு டேப் மிஞ்சவில்லை. ஒவ்வொரு தடவையும் அக்கா அதை முதலிலிருந்தே பதிந்திருக்கிறார். அதனால் அதன் தொடக்கம் மாவட்டம் முழுக்க நூறு இடத்தில் கிடைத்தது. முடிவு ஒரு இடத்திலும் இல்லை. எல்லோருக்கும் ஊட்டியவர் கடைசி வாயைத் தன் கையாலேயே தட்டிவிட்டார் என்று நான் கேலி செய்தேன். அக்கா கேலிக்குச் சிரிக்கிற ஆளில்லை.

"முடிவு ஒங்களுக்குத் தெரியும்தானேக்கா? நீங்கதானே பதிஞ்சீங்க? சொல்லுங்களேன்."

"நான் எதுக்குச் சொல்லணும்? பாடினவன் பாடட்டும்."

கிளாக்கர் பஸ்ஸில் ஏறும்போது அவரிடம் கேட்டேன். "எனக்கு ஞாபகம் இல்ல தம்பி" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ட்ரம்ஸ் அடித்தவர் அலுவிகாரைச் சிங்களவர். சாலையோரத்தில் மிளகும் கறுவாப்பட்டையும் விற்கும் கடை வைத்திருந்தார். அவரிடமும் கேட்டேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "அது சொல்ல ஏலாது தம்பி, செஞ்சு காட்டத்தான் ஏலும். ஆனா நான் தனியாச் செய்யமாட்டேன்."

இருபத்தைந்து வருடம் அந்தப் பாட்டு வெட்டுண்ட இடத்திலேயே கிடந்தது. கசெட் போய் சி.டி. வந்தது. பக்கத்துக் கடைகளெல்லாம் ஃபோன் கடைகளாகின. அக்கா தலை நரைத்து, மூக்குக்கண்ணாடி போட்டு, அதே ஸ்டூலில் அதே உர்ரென்ற முகத்தோடு இருந்தார். மிஷினில் ஒன்றை விற்கச் சொன்னால், "கிளாக்கர் வந்தா எதுல பதியிறது?" என்பார். வராத மனிதருக்காக மிஷினைத் துடைத்துவைக்கிறாரே என்று எனக்கு எரிச்சலாகவும் இருக்கும், பாவமாகவும் இருக்கும்.

போர் முடிவதற்கு முந்தின வருடம். நாலந்தாவில் மகள் வீட்டில் இருந்த கிளாக்கர் காலை பத்து மணி நடையில் மாத்தளைக்கு ஏறினார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். வழியில் ராணுவக் காவலரணில் எல்லோரையும் இறக்கிச் சோதித்தார்கள். அவரிடம் அடையாள அட்டை இருந்தது. அது போதாது, இன்ன தோட்டத்து ஆள் என்று காட்டும் தோட்டத்துக் கடிதம் எங்கே என்றார்கள். ஓய்வு பெற்றவருக்குத் தோட்டம் கடிதம் தராது. அதைச் சிங்களத்தில் மரியாதையாக விளக்கினார். ஓரமாக நிற்கச் சொன்னார்கள். குடையை விரிக்கப்போனார். விரிக்கக் கூடாது என்றார்கள். என்னைப் பார்த்து, நீ போ என்று கை காட்டினார்கள்.

நான் போனேன். இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. மாத்தளை போய்த் திரும்பி நாலந்தாவுக்கு வரும்போதும் அவர் அதே வெயிலில் மடக்கிய குடையோடு நின்றார். அப்போதும் நிறுத்தவில்லை. மறுபடி நாலந்தாவிலிருந்து இறங்கி வரும்போதுதான் போகச் சொல்லியிருந்தார்கள். ஏறி என் பின்னால் இருந்த சீட்டில் உட்கார்ந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"முப்பது வருசம் தோட்டத்து ஆபீசுல ஊருக்கெல்லாம் கடிதம் அடிச்சுக் குடுத்தேன்" என்றார்.

அலுவிகாரை வந்ததும், "நிப்பாட்டு" என்றார். கறுவாக் கடைக்கு முன்னால் நிறுத்தினேன். ஜன்னலால் தலையை நீட்டினார்.

"மச்சாங், ஏறு."

"எங்க?"

"முடிக்க."

ட்ரம்ஸ்காரர் அவருடைய முகத்தைப் பார்த்தார். கட்டியிருந்த சாரத்தோடு, மேலே ஒரு சட்டையை மாட்டிக்கொண்டு, கடையைக்கூடச் சாத்தாமல் ஏறிவிட்டார். பஜாரில் ரெக்கோடிங் பாருக்கு முன்னால் பஸ்ஸை நிறுத்தச் சொன்னார்கள். அது நிறுத்துமிடம் இல்லை. நிறுத்தினேன். பயணிகள் திட்டத் தொடங்கினார்கள். கொண்டக்டரிடம் விட்டுவிட்டு நானும் இறங்கினேன். அன்று இன்னொரு தடவை அந்த மனிதரை விட்டுவிட்டுப் போக எனக்கு மனமில்லை.

"மிஷினப் போடு புள்ள" என்றார் கிளாக்கர்.

அக்கா மேசை லாச்சியிலிருந்து நாய்ப் பாட்டின் தொடக்கம் இருந்த கசெட்டை எடுத்தார். ஒரு மிஷினில் பழையது, இன்னொன்றில் புதியது. பழைய பாட்டு ஓடியது. பலாக் கிட்டார், பிரேக் கம்பி, இருபத்துச் சொச்சம் வயதுக் குரல். ட்ரம்ஸ்காரர் கண்ணை மூடிக்கொண்டு மேசையில் விரலால் தட்டத் தொடங்கினார். முதல் இரண்டு வரியும் மறுபடி வந்து, "எனக்கு என்ன" என்ற இடத்தில் பாட்டு அறுந்தது. அக்கா மைக்கை நீட்டினார். கிளாக்கர் அந்த வார்த்தையிலிருந்தே பிடித்தார். குரல் உடைந்திருந்தது. சுருதியும் சேரவில்லை. அவர் அதைப்பற்றிக் கவலைப்படவில்லை.

மனுசப் பேச்சு பேசிப் பேசி வாயும் வலிக்குது
நாய்ப் பேச்சாவது கேக்குதான்னு பாத்துருவோமே

பிறகு குரைத்தார்.

வெள்ளைக் கால்சட்டையும் குடையுமாக நின்ற மனிதர், கழுத்து நரம்பு புடைக்க, தெருவைப் பார்த்துக் குரைத்தார். ட்ரம்ஸ்காரரும் குரைத்தார். சொல்ல ஏலாது என்று அவர் சொன்னது இதைத்தான். அக்கா என் பக்கம் திரும்பி, "நாலு பேரு கொரைச்சாங்க" என்றார். சொல்லிவிட்டு, பாட்டே பிடிக்காத அந்த அம்மாள், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் குரைத்தார். நான்காவது ஆள் நான்தான். வெயிலில் நிற்க வைத்தவர்களை நினைத்துக் குரைத்தேன், நிறுத்தாமல் போன என்னை நினைத்தும் குரைத்தேன். பஸ்ஸிலிருந்து வந்த திட்டெல்லாம் அடங்கிவிட்டது.

மூச்சு வாங்கியது. "போதும் புள்ள, நிப்பாட்டு" என்றார் கிளாக்கர்.

"இன்னும் டேப்பு இருக்கு" என்றார் அக்கா.

கிளாக்கர் சுற்றுகிற டேப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மைக்குக்குக் குனிந்து தன் முழுப் பெயரைச் சொன்னார். தகப்பன் பெயரைச் சொன்னார். பிறந்த தோட்டம், டிவிஷன், லயத்து நம்பர், அடையாள அட்டை நம்பர் எல்லாம் சொன்னார். "இதப் பாடினது நான்தான்" என்றார். இத்தனை வருடம் அக்கா யாரிடமும் சொல்லாத பெயர் அது. டேப் தானாக முடிந்து மிஷின் டக்கென்று நின்றது.

அக்கா கசெட்டை வெளியே எடுத்தார். அதன் முதுகில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் பல் இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறு எதையும் பதிய முடியாது. பேனைக் கத்தியால் இரண்டையும் உடைத்து எறிந்துவிட்டு, கசெட்டை என் கையில் வைத்தார்.

"நாளைக்குப் பத்து மணி நடையில போடு" என்றார்.

போட்டேன்.